கடையை மூடச் சொல்லி அவசர ஆணை வந்தால்: கொங்குச் சிறுதொழில்காரர்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

2020 மார்ச் 22 அன்று மத்திய அரசு முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களில் தமிழ்நாட்டில் இருந்தவை மூன்றுதான்: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு வந்தது. ஏப்ரல் 26 முதல் கோவைக்கு நான்கு நாள், சேலத்துக்கும் திருப்பூருக்கும் மூன்று நாள் முழு ஊரடங்கு. அடுத்த வருடம் ஜூன் மாதம் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோது, தளர்வு குறைவாகக் கிடைத்த 11 மாவட்டங்களில் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என ஏழு நம் பக்கத்தவை. பனியன் யூனிட்டில் இருந்து பேக்கரி வரைக்கும் அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இப்படி மூடச் சொல்ல இவங்களுக்கு அதிகாரம் இருக்குங்களா?”

கொரோனா போய்விட்டது, கேள்வி போகவில்லை. பறவைக் காய்ச்சல் என்றால் கோழி வண்டி நிற்கிறது. கலவரப் பயம் என்றால் கடைவீதி மூடுகிறது. சாயக்கழிவு என்றால் பட்டறையில் கரண்ட் போகிறது. யாருக்காவது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஓட்டலுக்குப் பூட்டு விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே அதிகாரிக்கும் ஒரு வேலி இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “நோயே இல்லை, ஆபத்தே இல்லை, சும்மா மிரட்டுகிறார்கள்” என்று வாதாடி ஜெயித்த சிறுதொழில்காரர் அபூர்வம். அவசரம் உண்மைதானா என்ற கேள்வியில் நீதிமன்றம் அரசுக்கு நிறையவே இடம் கொடுக்கும். ஜெயிப்பதெல்லாம் ஆணையின் காகிதத்தில்தான். எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எத்தனை நாள், என் கடைக்கு என்ன காரணம் என்ற இந்த நான்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆணையைக் கையில் வாங்குங்கள்

கோபியில் ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஜீப் வந்து நிற்கிறது. இரண்டு பேர் இறங்கி, “மேலிடத்து உத்தரவு, ஷட்டரை இறக்குங்க” என்கிறார்கள். கடைக்காரர் கத்தவும் கூடாது, காலில் விழவும் கூடாது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “சரிங்க சார், மூடிக்கிறேனுங்க. ஆர்டர் காப்பி ஒண்ணு கொடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேனுங்க.”

காப்பி இல்லை என்றால் வந்தவர் பெயர், பதவி, வண்டி எண், நேரம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான் ஆணை என்றால் அதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடைக் கேமரா பதிவைப் பென்டிரைவில் ஏற்றுங்கள்; பல கேமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். அன்று சாயங்காலத்துக்குள், “இன்று காலை வாய்மொழியாக மூடச் சொன்னீர்கள், மூடிவிட்டேன், எழுத்துப்பூர்வ ஆணையைத் தாருங்கள்” என்று அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் ஒரு ஸ்பீடு போஸ்ட் தபாலும் போக வேண்டும். வாய்மொழி உத்தரவு என்ற குற்றச்சாட்டை நிரூபிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று சட்டம் பேசுவதில் பயன் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டி மொபைல் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், அதைச் சொல்லும் இடம் கடைவாசல் இல்லை.

ஆணை வெளியே வராமல் ஒளிந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால், அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் பின்னால் உதவும் என்பதற்காக மட்டும் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

படி 2: எந்தச் சட்டம் என்று பிரித்துப் பாருங்கள்

ஆணையின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ பிரிவு எண் இருக்கும். அந்த எண்தான் உங்கள் வழக்கின் சாவி.

எமர்ஜென்சி என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்களுக்கு 1975 ஞாபகம் வரும். அது அரசமைப்பின் 352-வது உறுப்பின்படி வந்த நெருக்கடிநிலை. அப்படி ஒன்று நடப்பில் இருந்தால்தான் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் பேச்சே எழும். 1978-இல் வந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு, அப்போதுகூட உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21-வது உறுப்பை நிறுத்திவைக்க முடியாது. கொரோனாவுக்கு 352 அறிவிக்கப்படவே இல்லை. ஆகவே தொழில் செய்யும் உரிமையான 19(1)(ஜி) ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. பொதுநலனுக்காக அதன் மேல் நியாயமான கட்டுப்பாடு போடலாம், அவ்வளவுதான். “எமர்ஜென்சி சார், இப்போ உரிமையெல்லாம் பேசாதீங்க” என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை, அவருடைய களைப்பு.

இனி நம் பக்கம் அடிக்கடி வரும் ஆணைகள்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. கலெக்டர் மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் 30, 33, 34 பிரிவுகளில் ஆணை போடுவார். 71-வது பிரிவு கீழ்நீதிமன்றங்களின் கதவை அடைத்துவிடுகிறது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் தலையிடலாம். ஊர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவை அவருக்குக் காட்டுங்கள்.

பழைய 144, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 163. 2024 ஜூலை 1 முதல் இந்த எண். கலெக்டர், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டுகள் போடுவது. ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஆணையில் காரணமான உண்மைகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத வசதி ஒன்றும் இதில் உண்டு: பாதிக்கப்பட்டவர் அதே அதிகாரியிடம் “இதை ரத்து செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்” என்று மனு கொடுக்கலாம். அவர் சீக்கிரமே நேரில் கேட்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். வக்கீல் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலை இது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006. ஓட்டல், பேக்கரி, எண்ணெய்ச் செக்கு, மிக்சர் கடை எல்லாம் இதற்குள். இதன் 34-வது பிரிவுதான் அவசரத் தடை. உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் தாமாகவே நிரந்தரமாக மூடிவிட முடியாது. முதலில் உங்களுக்கு நோட்டீஸ், குறைந்தது ஒரு நாள் இடைவெளி, அப்புறம் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் விண்ணப்பம், அவருடைய ஆணை என்று வரிசை இருக்கிறது. குறையைச் சரிசெய்துவிட்டுத் தடையை நீக்கும் சான்றிதழ் கேட்டால் 7 நாளுக்குள் தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 10 நாளுக்குள் காரணத்தைச் சொல்ல வேண்டும். என் அபிப்பிராயத்தில் ஓட்டல்காரர்களுக்கு ஹைகோர்ட்டைவிட வேகமான வழி இதுதான். பெயின்ட் அடித்து, தண்ணீர் டெஸ்ட் எடுத்து, போட்டோவோடு விண்ணப்பித்துவிட்டு நாளை எண்ணத் தொடங்குங்கள்.

அதே சட்டத்தின் 30(2)(அ) வேறு மாதிரி. ஒரு கடைக்கு இல்லை, ஒரு பொருளுக்கே மாநிலம் முழுக்க ஒரு வருடத்துக்கு மிகாமல் தடை. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 தேதியிட்ட தடை இதில் வந்ததுதான்; முட்டைக்கே பேர்போன நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பானிபூரிக் கடைக்குப் பக்கத்தில் ஷவர்மா கடை போட்டவர்கள் எல்லாம் மயோனைஸ் டப்பாவின் லேபிளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். குட்கா தடையும் இதே பிரிவுதான், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974. இதன் 33ஏ பிரிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடவும், கரண்ட், தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கவும் சொல்லலாம். ஃபியூஸைப் பிடுங்க வரும் மின்வாரிய ஆளிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை, அவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடிதத்தை நிறைவேற்ற வந்தவர். எதிர்க்க வேண்டியது அந்தக் கடிதத்தை. இடம் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. கெடு 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். சாயப்பட்டறைக்காரர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நொய்யல் ஆறு மாசான விஷயத்தில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னதே உயர் நீதிமன்றம்தான். கழிவுநீர் வெளியே போகிறது என்று ஆய்வக அறிக்கை இருந்தால், நோட்டீஸ் தரவில்லை என்ற வாதம் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தரும். அதற்கு மேல் தராது.

படி 3: ஆணையில் ஓட்டை தேடுங்கள்

ஆணையை மேசையில் விரித்து வைத்து, பென்சிலோடு வரிவரியாகப் படியுங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வக்கீலின் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் அதிகாரம். சொல்லப்பட்ட பிரிவு இந்த அதிகாரிக்கு இந்த வேலையைச் செய்ய இடம் கொடுக்கிறதா? சட்டத்தில் “கலெக்டர்” என்று இருந்து கையெழுத்து தாசில்தாருடையதாக இருந்தால், அவருக்கு அதிகாரம் கொடுத்த ஆணை எங்கே என்று கேளுங்கள். பிரிவே எழுதப்படாத ஆணை இன்னும் பலவீனம். சீனப் போரை ஒட்டி நெருக்கடிநிலை இருந்த காலத்து உத்தரவு ஒன்றைப் பற்றி 1967-இல் தாக்கூர் பரத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, குடிமகனுக்குக் கேடாக அரசு எதைச் செய்தாலும் பின்னால் ஒரு சட்டம் நிற்க வேண்டும் என்பதைத்தான்.

இரண்டாவது காரணம். 1977 டிசம்பரில் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் வந்த விதியை மனப்பாடம் செய்யலாம்: ஆணை சரியா தவறா என்பதை அதில் எழுதப்பட்ட காரணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அப்புறம் கோர்ட்டில் அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) போட்டுப் புதுக் காரணம் சேர்க்க முடியாது. “நிர்வாகக் காரணங்களுக்காக” என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் உங்களுக்கு நல்ல சகுனம். காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, 144 ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், உண்மைகள் அதில் இருக்க வேண்டும், ஒன்று முடிய ஒன்று என்று திரும்பத் திரும்பப் போடுவது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த இரண்டரை மாதத்தில் நாடே பூட்டிக்கொண்டது வேறு கதை.

மூன்றாவது அளவு. இதே பலனை இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் அடைய முடியாதா? எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இதில்தான் வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டம். விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக, சில கிராமங்களில் சாகுபடிக் காலம் முழுக்க யாருமே பீடி சுற்றக் கூடாது என்று மாவட்ட அதிகாரி ஆணை போட்டார். சிந்தாமன் ராவ் என்ற பீடி உற்பத்தியாளர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வயலில் இறங்க முடியாத முதியவர்கள், உடல் முடியாதவர்கள், வேறு வேலை இல்லாதவர்கள் என்று எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டியது தேவைக்கு மீறிய கட்டுப்பாடு. நேரத்தையோ ஆள் வகையையோ வரையறுத்திருக்கலாம் என்று அந்த ஆணைக்குப் பின்னால் இருந்த சட்டப் பிரிவுகளையே நீதிமன்றம் தள்ளியது. அரசமைப்பு வந்த முதல் வருடத்திலேயே, ஒரு குடிசைத் தொழிலுக்காக வந்த தீர்ப்பு இது. பெரிய தொழிற்சாலைக்கும் நான்கு தறி ஓட்டும் வீட்டுக்கும் ஒரே தடை போட்டால் நீங்கள் எடுக்க வேண்டிய ஆயுதம் இதுதான்.

நான்காவது விசாரணை. மூடும் முன் உங்களைக் கேட்டார்களா? “அவசரம், கேட்க நேரம் இல்லை” என்பார்கள். 1978-இல் மத்திய அரசு ஸ்வதேசி காட்டன் மில்ஸின் நிர்வாகத்தை “உடனடி நடவடிக்கை” என்று சொல்லிக் கையில் எடுத்தபோதும் இதையேதான் சொன்னார்கள். சட்டத்தில் உடனடி என்று இருப்பதால் மட்டும் எதிர்த்தரப்பைக் கேட்கும் கடமை ஒழிந்துவிடாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்றால் கேட்காமல் மூடலாம், சரி. ஆனால் அதற்கப்புறமாவது கேட்டாக வேண்டும்.

ஐந்தாவது காலம். முடிவுத் தேதி இல்லாத ஆணையும், தற்காலிக அதிகாரத்தை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே போகும் ஆணையும் பலவீனமானவை. குட்கா தடையை ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்ததை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லியே ரத்து செய்தது. குட்கா மேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. ஆனால் அந்தத் தர்க்கம் நாளைக்கு உங்கள் பொருளுக்கும் பொருந்தும். ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்துவிட்டது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் முந்திய பாதியை மட்டும் மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

கடைசியாகப் பாகுபாடு. பக்கத்துத் தெருவில் அதே தொழில் நடக்கிறது, சூப்பர் மார்க்கெட்டில் அதே பொருள் விற்கிறது, உங்களுக்கு மட்டும் பூட்டு என்றால் சமத்துவம் பற்றிய 14-வது உறுப்பு கைகொடுக்கும். தேதி தெரியும் போட்டோவும், அந்தக் கடையின் பில்லும் எடுத்து வையுங்கள்.

படி 4: கணக்குகளைத் திரட்டுங்கள்

உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, கடை உரிமம், கடந்த ஆறு மாத ஈபி பில், சம்பளப் புத்தகம், ஜாப் ஒர்க் டெலிவரி சலான், வங்கிக் கடன் தவணை அட்டவணை. சனிக்கிழமைச் சம்பளம் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, அதையே நகல் எடுங்கள். நட்டத்தைத் தினப்படி எழுதுங்கள். இதில் பெரிய தொகை கிடைத்துவிடும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன், ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்ததற்கு அதிகாரிகள்மேல் வழக்குப் போடப் பேரிடர்ச் சட்டத்தின் 73-வது பிரிவு தடுக்கிறது. ஆனால் இடைக்காலத் தடை கேட்கும்போது, “இன்னும் 10 நாள் போனால் இந்த யூனிட் எழுந்திருக்காது” என்று காட்ட இந்தத் தாள்கள்தான் இருக்கும்.

படி 5: கலெக்டருக்கு மனு

நேரே ஹைகோர்ட் போனால் முதல் கேள்வி, “அதிகாரியிடம் கேட்டீர்களா?” என்பதாகத்தான் இருக்கும். ரிட் என்றால் அரசுக்கு ஹைகோர்ட் இடும் கட்டளை; அதில் செய்யச் சொல்லி ஆணையிடும் மாண்டமஸ் ரிட்டுக்கு, கேட்டும் செய்யவில்லை என்று காட்டுவது பழைய விதி. அதனால் மனு கட்டாயம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துச் சீல் போட்ட ரசீது வாங்குங்கள். கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நான்கு பக்கத்துக்குக் கஷ்டத்தைக் கொட்டிவிட்டு, என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில்கூடச் சொல்வதில்லை. பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர் எழுத வேண்டிய மாதிரி இது:

“ஐயா, எனது வீட்டை ஒட்டிய கொட்டகையில் 8 விசைத்தறிகள் ஓட்டி வருகிறேன். நானும் என் மனைவியும் தவிர வெளியாட்கள் இருவர். தங்கள் இத்தனையாம் எண் ஆணைப்படி இந்த மாதம் 4-ஆம் தேதி தறிகளை நிறுத்திவிட்டேன். அந்த ஆணை தொழிற்கூடங்களில் கூட்டம் கூடுவதைத் தடுப்பதற்காக என்று கூறுகிறது. என் கொட்டகையில் ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருப்பதில்லை. எனவே (1) என் கூடத்துக்கு விலக்கு அளிக்க வேண்டும். (2) முடியாவிட்டால் குடும்பத்தார் இருவர் மட்டும் ஓட்ட அனுமதிக்க வேண்டும். (3) அதுவும் முடியாவிட்டால் தறியில் ஏறியுள்ள பாவு நூலை முடித்துத் துணியை அறுத்து எடுக்க மூன்று நாள் தர வேண்டும். என்னை நேரில் கேட்டு, 7 நாளுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டுகிறேன்.”

மூன்று படியாகக் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்றாவதை மறுப்பது எந்த அதிகாரிக்கும் சங்கடம், மறுத்தால் நீதிபதிக்கு எரிச்சல் வரும். பேக்கரி என்றால் பிசைந்த மாவு, சாயப்பட்டறை என்றால் மெஷினுக்குள் இருக்கும் துணி, கோழிப்பண்ணை என்றால் தீவன வண்டி. உங்கள் தொழிலில் பாதியில் நின்றால் வீணாகிற பொருள் எது என்று உங்களுக்குத் தெரியும்.

படி 6: மேல்முறையீடா, ரிட்டா?

சட்டத்திலேயே மேல்முறையீடு இருந்தால் முதலில் அங்கே போகச் சொல்வது வழக்கம். 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் இதற்கு விதிவிலக்குகளை உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது: அடிப்படை உரிமை மீறல், கேட்காமலே முடிவெடுத்தது, அதிகாரமே இல்லாமல் போட்ட ஆணை, சட்டமே செல்லாது என்ற வாதம். படி 3-இல் நீங்கள் கண்டுபிடித்த ஓட்டை இவற்றில் ஒன்று என்றால் நேரே ரிட்டுக்குப் போகலாம். கணக்கு, அளவு, ஆய்வக அறிக்கை பற்றிய தகராறு என்றால் மேல்முறையீடுதான் சரி. ஹைகோர்ட்டில் மீட்டரைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

படி 7: ரிட் மனு

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம், நாமக்கல் மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால் பழனி, ஒட்டன்சத்திரமும் மதுரைதான். கோவையில் ஒரு கிளை வேண்டும் என்று வழக்கறிஞர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரும்வரை சேரன் எக்ஸ்பிரஸ்தான். ஆன்லைனில் தாக்கல் செய்ய வசதி இருப்பதால், உள்ளூர் வக்கீல் தயாரித்துச் சென்னை வக்கீல் வாதாடும் ஏற்பாடு இப்போது சுலபம்.

அரசமைப்பின் 226-வது உறுப்பின்படி மனு. அஃபிடவிட் உங்கள் பெயரில் போவதால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆணை, உங்கள் மனு, அதன் ரசீது, உரிமங்கள், கணக்குகள் எல்லாம் தேதி வரிசையில் தட்டச்சுத் தொகுப்பாக (டைப்செட்) போகும். கேட்பது இரண்டு: ஆணையை ரத்து செய்ய வேண்டும், தொழில் நடத்த அனுமதிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே கேட்கலாம். கூடவே இடைக்காலத் தடை கேட்டுத் தனி இடைமனு. மிகவும் அவசரம் என்றால் காலையில் நீதிபதியிடம் சொல்லி அனுமதி வாங்கி அன்று மதியமே எடுக்க வைக்கலாம். இதை லஞ்ச் மோஷன் என்பார்கள். ஆணை வந்து 40 நாள் சும்மா இருந்துவிட்டு லஞ்ச் மோஷன் கேட்டால், நீதிபதி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

சங்கமாகப் போவதா தனியாகவா என்று கேட்பார்கள். கொடிசியா (கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம்) போன்ற அமைப்புகள் பின்னால் நின்றால் செலவும் குறையும், குரலும் கனக்கும். ஆனால் சங்கத்தோடு கூட, தாள்கள் எல்லாம் ஒழுங்காக உள்ள ஒரு உறுப்பினரையாவது மனுதாரராகச் சேருங்கள். நீதிபதிக்கு ஒரு முகமும் ஒரு கணக்குப் புத்தகமும் தெரிய வேண்டும்.

சங்கங்கள் போட்ட வழக்குகள் என்ன கொடுத்தன என்று பார்த்தால் எதிர்பார்ப்பு தானாகவே சரியாகும். ஊரடங்கு காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை போட்ட ஆணையை லூதியானா கைக்கருவித் தயாரிப்பாளர்கள் உள்ளிட்ட சிறுதொழில்கள் எதிர்த்தன. மே 18-லிருந்து அரசே அந்த ஆணையை விலக்கிக்கொண்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், தொழிலாளர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. ஆணை செல்லுமா செல்லாதா என்பதை அன்றைக்கு முடிவு செய்யவில்லை. கடன் தவணை ஒத்திவைப்பு வழக்கில் 2021 மார்ச் 23 அன்று, பொருளாதாரக் கொள்கைக்குள் வரமாட்டோம் என்று கால நீட்டிப்பை மறுத்த அதே நீதிமன்றம், ஒத்திவைப்பு இருந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்றது. பெரிதாகக் கேட்டவர்களுக்குப் பாதி கிடைத்தது, ஆனால் பல யூனிட்டுகளை அந்தப் பாதிதான் காப்பாற்றியது.

சலுகை தரும் அவசர ஆணையிலும் கவனம் வேண்டும். குஜராத் அரசு கொரோனாவைக் காரணம் காட்டி, தொழிற்சாலைச் சட்டத்தின் 5-வது பிரிவில் 12 மணி நேர வேலையையும், இரட்டிப்பு இல்லாத ஓவர்டைம் சம்பளத்தையும் அனுமதித்தது. தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. நாட்டின் பாதுகாப்பையே அச்சுறுத்தும் நெருக்கடிக்குத்தான் அந்தப் பிரிவு என்று 2020 அக்டோபர் 1 அன்று அறிவிப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விடுபட்ட ஓவர்டைமைச் சட்டப்படி கொடுக்கவும் சொன்னது. அரசு அனுமதித்ததாயிற்றே என்று நம்பி ஓட்டிய முதலாளிகள் கையிலிருந்து போட வேண்டியதாயிற்று.

பெரும்பாலான ரிட்டுகள் எப்படி முடியும் தெரியுமா? “மனுதாரரின் மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்.” இதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். படி 5 மனுவை நன்றாக எழுதியிருந்தால், அதிகாரி அதற்கு வரிக்கு வரி பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு ஆபத்து, விசாரணைக்கு வருவதற்குள் ஆணை காலாவதியாகி, வழக்குப் பலனற்றதாகிவிட்டது என்று மூடப்படுவது. அதைத் தவிர்க்க, ரத்து மட்டும் கேட்காமல் கட்டிய அபராதத்தைத் திருப்பித் தருவது, வழக்கை நீக்குவது, உரிமத்தில் கறுப்புப் புள்ளி இல்லாமல் செய்வது என்று பின்னாலும் உயிரோடு இருக்கும் கோரிக்கைகளைச் சேருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசம். பேரழிவால் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

படி 8: எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால்

அரசு ஆணையை மீறும் குற்றத்துக்குப் பழைய 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. சாதாரணமாக ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். மனித உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு வருடம், 5,000 ரூபாய். இந்தக் குற்றத்தை ஆணை போட்ட அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்க முடியும். பேரிடர்ச் சட்டத்தின் 51-வது பிரிவு வழக்குக்கும் 60-வது பிரிவில் இதுபோன்ற கட்டுப்பாடு இருக்கிறது. 188-இல் போலீஸ் தாமாகவே எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது என்று 2018 செப்டம்பரில் மதுரைக் கிளை விரிவாகத் தீர்ப்பளித்தது. ஜீவானந்தம் வழக்கு என்று பெயர். வழக்கு கிளம்பியது நம் கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலையத்தில். உங்கள் வக்கீல் ரத்து மனு போடும்போது முதலில் எடுப்பது இதைத்தான். ஊரடங்கு மீறியதாகப் போட்ட சுமார் 10 இலட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். உங்கள் பழைய வழக்கு உண்மையிலேயே முடிந்ததா என்று பாஸ்போர்ட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: இடத்தையோ வண்டியையோ எடுத்துக்கொண்டால்

கல்யாண மண்டபம், குடோன், லாரி, தண்ணீர் டேங்கர். பேரிடர்ச் சட்டத்தின் 65-வது பிரிவில் இவற்றை எடுக்கலாம். ஆனால் இலவசமாக இல்லை. 66-வது பிரிவின்படி இடத்துக்கு அந்தப் பகுதி வாடகை, கடையைக் காலி செய்ய நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவு, வண்டிக்கு ஊரில் ஓடும் வாடகை. தொகை போதாது என்றால் 30 நாளுக்குள் நடுவரிடம் அனுப்பக் கோரலாம். ஒப்படைக்கும்போதே மீட்டர் எண், டீசல் அளவு, நாற்காலி எண்ணிக்கை, சுவரில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதுவரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருச்செங்கோட்டு லாரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம், மண்டபக்காரர்கள்தான் கூச்சப்படுகிறார்கள்.

படி 10: தீர்ப்பு வந்தபின்

தோற்றால் ரிட் அப்பீலுக்கு 30 நாள். ஜெயித்தால், சான்றிட்ட நகலை வாங்கிக் கலெக்டர் அலுவலகம், தாசில்தார், காவல் நிலையம், தேவைப்பட்டால் மின்வாரிய உதவிப் பொறியாளர் வரை ஒவ்வொருவருக்கும் ரசீதோடு கொடுங்கள். தீர்ப்பு வெப்சைட்டில் இருக்கிறது என்றாலும் “எங்களுக்கு வரலைங்க” என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். செயல்படுத்தவில்லை என்றால் அவமதிப்பு மனு. மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். அன்றைக்கே கேவியட்டும் தாக்கல் செய்துவிடுங்கள். 2020 மே 8 அன்று டாஸ்மாக் கடைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவுக்கு மே 15-லேயே உச்ச நீதிமன்றத்தில் தடை வந்துவிட்டது, அரசு அப்பீலுக்கு ஓடும் வேகம் அது. கேவியட் இருந்தால் உங்களைக் கேட்காமல் தடை கொடுக்க மாட்டார்கள். அதன் ஆயுள் 90 நாள். முடிகிற தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வைத்துப் புதுப்பியுங்கள்.